கலியாணத்துக்கு முந்திய படம்: சில வரலாற்றுக் குறிப்புகள்

நிச்சயம் முடிந்து, காவின் எழுதுவதற்கு முன்னர், மாப்பிள்ளையையும் பெண்ணையும் கடற்கரையிலும் கோட்டை மதிலிலும் நிறுத்திப் படம் பிடிக்கும் வழக்கத்தைப் பற்றி நமது பக்கத்தில் இப்போது இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். இது மேற்கிலிருந்து நேற்று வந்து இறங்கிய சீர்கேடு என்பது ஒரு சாராரின் பேச்சு. காலம் அப்படி, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், விடுங்கள் என்பது மற்றச் சாராரின் பேச்சு. பாலையூற்றுப் பக்கத்து விருந்து வீடுகளில் சகன் தட்டு வருவதற்கு முன்னர் இந்த விவாதத்தை இரண்டு தரப்பிலிருந்தும் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அங்கே யாரும் கேட்காத கேள்வி ஒன்றுண்டு. நிச்சயித்த இருவரை ஒரே சட்டகத்துக்குள் நிறுத்தும் பழக்கம் எங்கிருந்து வந்தது? அதற்கு முன்னர் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? பதிலைத் தேடிப் போனால் பாதை விசித்திரமாக வளைந்து, கும்பகோணத்துக்கும் களுத்துறைக்கும் மக்காவுக்கும் போய் வருகிறது.

உலகம் பரவலாகக் கண்ட நிச்சயதார்த்தப் படங்களில் முந்தியது ஓர் அரச குடும்பத்துடையது. விக்டோரியா மகாராணியின் மூத்த மகன் எட்வேர்டுக்கும் டென்மார்க் இளவரசி அலெக்சாந்திராவுக்கும் 1862 செப்டெம்பரில் பெல்ஜியத்தில் வைத்து நிச்சயமானது. அந்த நாட்களிலேயே இருவரையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்தார்கள். கலியாணம் நடந்தது 1863 மார்ச்சில். அப்போது ஐரோப்பாவில் "விசிட் அட்டை" என்ற சிறிய படங்களுக்கு ஒரு பைத்தியமே பிடித்திருந்தது. 1854இல் பாரிஸில் டிஸ்டெரி என்ற படப்பிடிப்பாளர் காப்புரிமை பெற்ற முறை அது. ஒரே கண்ணாடித் தகட்டில் பல படங்களை எடுத்து, வெட்டி, அட்டையில் ஒட்டி மலிவாக விற்கலாம். அரச ஜோடியின் முகம் சாதாரண வீட்டு அல்பத்துக்குள் நுழைந்தது அப்படித்தான். அந்தப் படங்களில் இருவரும் விறைப்பாக நிற்பார்கள். ஒரு நாற்காலி, ஒரு மேசை, பின்னால் ஒரு திரை. அடுத்த நூறு ஆண்டுகளுக்கு உலகத்தின் எல்லாப் பட்டினங்களிலும் ஸ்டூடியோக்காரர்கள் பின்பற்றப்போகிற இலக்கணம் அதில் முழுமையாக இருந்தது.

அந்த இலக்கணத்தை அதே காலத்திலேயே மீறிய ஒரு பெண் இருந்தார். அவருடைய கதை நமது நாட்டில் முடிவதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஜூலியா மார்கரெட் கமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். இலங்கைப் பாடப்புத்தகத்தில் கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம் என்று மனனம் செய்கிறோமே, 1833ஆம் ஆண்டைச் சேர்ந்தது, இராஜகாரியத்தை ஒழித்தது, அந்தக் கமரனின் மனைவி இவர். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன் இவரைவிட இருபது வயது மூத்தவர். இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் வாங்கியவர். 1863இல் இங்கிலாந்தில் வாழ்ந்தபோது மகளும் மருமகனும் ஒரு கமராவை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாக்கி, நிலக்கரி வைத்திருந்த இடத்தை இருட்டறையாக்கி வேலையைத் தொடங்கினார். முகத்தை மிக அருகில் எடுத்தார். குவியத்தை வேண்டுமென்றே இளக்கினார். ஒளியை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழவிட்டார். தகட்டில் விரல் அடையாளமும் கீறலும் விழுந்தாலும் அப்படியே அச்சிட்டார். படப்பிடிப்புச் சங்கத்துப் பெரியவர்கள் இவருக்குத் தொழில் தெரியாது என்று எழுதினார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. தன் படங்களை ஒட்டிய அட்டைகளில் உயிருள்ளதிலிருந்து எடுத்தது என்ற பொருளில் இரண்டு ஆங்கிலச் சொற்களைத் தன் கையால் எழுதிவைப்பது அவர் வழக்கம்.

கமரன் வீட்டில் மேரி ரயன் என்றொரு பணிப்பெண் இருந்தாள். தாய் ஐரிஷ்காரி. லண்டனுக்கு அருகே ஒரு வெளியில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தவள். அவர்களைக் கமரன் அழைத்து வந்து, சிறுமியைத் தன் பிள்ளைகளோடு படிக்கவைத்தார். பின்னர் வீட்டு வேலையும் தந்து, படத்துக்கும் நிற்கவைத்தார். 1865இல் ஷேக்ஸ்பியரின் "புயல்" நாடகத்திலிருந்து ஒரு காட்சியை அமைத்தபோது, ப்ரொஸ்பெரோவாக ஒரு முதிய கவிஞரையும் அவர் மகள் மிராண்டாவாக மேரியையும் நிறுத்தினார். மேரியைக் கமரன் எடுத்த படங்கள் லண்டனில் கண்காட்சிக்கு வைக்கப்பட்டன. அங்கே வந்த இளைஞன் ஒருவன் அந்த முகத்தின் முன் நின்றுவிட்டான். பெயர் ஹென்றி கொட்டன். பிறந்த ஊர் கும்பகோணம். இந்திய சிவில் சேவைக்குப் போகவிருந்தவன். படத்தை வாங்கிக்கொண்டு போனவன், ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு பெண் கேட்டு வந்தான். 1867இல் கலியாணம் நடந்தது. அந்த ஆண்டில் கொட்டனையும் கமரன் தன் தகட்டில் பதித்தார். அந்த வீட்டில் படத்துக்கு நிற்பதென்றால் வேஷம் கட்டி ஒரு கதைக்குள் நிற்பது என்றே பொருள். இன்று நமது பிள்ளைகளுக்குக் குதிரையும் குடையும் கொடுத்து நிற்கவைக்கிற "தீம்" படங்களுக்கு மூதாதை எது என்று கேட்டால், நான் இந்தக் கோழிக்கூட்டைத்தான் காட்டுவேன்.

கொட்டன் பின்னாளில் அசாமின் தலைமை ஆணையாளராக இருந்து, 1904இல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார். பிச்சைக்காரியின் மகள் மேரி, கொட்டன் சீமாட்டி ஆனாள். தன்னுடைய ஒரு படத்திலிருந்து ஒரு கலியாணம் முளைத்தது என்று கமரன் 1874இல் எழுதிய நினைவுக்குறிப்பில் பெருமையோடு சொல்லியிருக்கிறார். படத்தைப் பார்த்துப் பெண் கேட்ட கதை நமக்குப் புதிதில்லை. நம் தரகர்கள் எல்லோரும் இதைத்தான் செய்தார்கள். வித்தியாசம், கமரனின் படம் பெண்ணைக் கலியாணச் சந்தைக்காக எடுத்ததில்லை என்பதுதான்.

1875இல் கமரன் தம்பதியினர் இலங்கைக்குப் புறப்பட்டார்கள். போகிற இடத்தில் மரித்தால் பயன்படட்டும் என்று சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டார்கள் என்பார்கள். கோப்பியை இலைநோய் அழித்துக்கொண்டிருந்த காலம். களுத்துறையில் கடலோரமாக மகனுடைய வீட்டில் தங்கினார்கள். இங்கே கமரன் எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று அறியப்பட்டுள்ளன. தோட்டத் தொழிலாளர்களாக வந்த தமிழர்கள் பலர் அவற்றில் இருக்கிறார்கள். அழகான படங்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்துப் படங்களில் பணிப்பெண்ணுக்குக்கூடப் பெயர் இருந்தது. வேஷப் பெயரும் இருந்தது, சொந்தப் பெயரும் இருந்தது. களுத்துறைப் படங்களில் நிற்கிற நம் ஆட்கள் பெரும்பாலும் பெயரில்லாதவர்கள்.

தாவர ஓவியர் மரியான் நோர்த் 1877இல் அங்கே விருந்தாளியாக வந்தார். வெப்பம் கொளுத்தும் பகலில் தன்னைக் கம்பளிச் சால்வையால் போர்த்தி, முட்கள் மாதிரியான தென்னோலைகள் பின்னாலிருந்து குத்தும்படி நிறுத்திக் கமரன் படம் எடுத்த கதையைத் தன் நூலில் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். உள்ளூர் ஆள் ஒருவனுடைய முதுகின் அழகில் கமரன் மயங்கி, வீட்டில் தோட்டமே இல்லாதபோதும் அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். இந்த முதுகை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தேவைப்படும்.

1879 ஜனவரியில் கமரன் மலைநாட்டில் காலமானார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு கணவரும் அங்கேயே சேர்ந்தார்.

கமரனின் பாணியை இலங்கையில் யாரும் தொடரவில்லை. தொழில் நடத்தியவர்கள் ஸ்கீன், ஸ்கோவன் போன்ற கம்பனிகளும், 1890இல் தொடங்கிய பிளாட்டே கம்பனியும். துரைமார்களுக்கும் சுற்றுலா வந்தவர்களுக்கும் விற்ற அல்பங்களில் நாமும் இருந்தோம். "மூர் வியாபாரி", "தமிழ்ப் பெண்", "மலாய்க்காரர்" என்று அடியில் ஒரு சொல். கூடையோடோ தராசோடோ நிற்கும் ஒரு ஆள், யாருடைய வாப்பா, எந்த ஊர் என்று யாரும் குறிக்கவில்லை. காசு கொடுத்து ஸ்டூடியோவுக்குள் போய்த் தன் சொந்தப் பெயரில் நிற்பது ஒரு வகையில் இதற்குக் கொடுத்த பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. முகம் நம்முடையது, கேட்டதும் நாம், படத்தை வீட்டுக்குக் கொண்டுபோவதும் நாம்.

ஆனால் நமது வீடுகளில் படம் அவ்வளவு இலகுவாக உள்ளே வரவில்லை. உருவம் வரைவது பற்றிய தடை இருந்தது. கமராவின் படமும் அந்தத் தடைக்குள் அடங்குமா என்பது பெரிய வழக்காக இருந்தது. சுவாரசியம் என்னவென்றால், அந்த வழக்கு முடிவதற்கு முன்னரே கமரா புனித நகரங்களுக்குள் போய்விட்டது. எகிப்து இராணுவப் பொறியியலாளர் முஹம்மது சாதிக் பே 1861இல் மதீனாவையும் 1880இல் மக்காவையும் படம் பிடித்தார். மக்காவில் மருத்துவராக இருந்த செய்யித் அப்துல் கஃப்பார், 1885இல் அங்கே தங்கிய டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோனியேயிடம் கமரா கற்று, ஹாஜிகளையும் ஊர்ப் பெரியவர்களையும் எடுத்தார். அவர் அனுப்பிய படங்களை ஹுர்குரோனியே ஐரோப்பாவில் வெளியிட்டபோது மருத்துவரின் கையொப்பத்தை அழித்துவிட்டார். களுத்துறையில் நின்றவர்களுக்குப் பெயர் இல்லை. மக்காவில் எடுத்தவருக்கே பெயர் இல்லாமல் போயிற்று.

மார்க்கத் தீர்ப்பைப் பொறுத்தவரை, எகிப்தின் முஃப்தியாக 1914 முதல் 1920 வரை இருந்த ஷெய்கு முஹம்மது பகீத் அல்முதீஈ எழுதிய சிறுநூலைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். கமரா எதையும் படைப்பதில்லை, ஒளியால் விழுகிற நிழலைச் சிறைப்பிடிக்கிறது, ஆகவே தடுக்கப்பட்ட உருவம் சமைத்தலோடு இதைச் சேர்க்க முடியாது என்பது அவர் வாதம். இதை ஏற்காத பெரிய உலமாக்களும் இருந்தார்கள், இருக்கிறார்கள். நமது பகுதியில் இந்த விவாதத்தை நடைமுறையில் தீர்த்துவைத்தது எந்த நூலும் இல்லை, அரசாங்கம்தான். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும், ஹஜ்ஜுக்குப் போகக் கடவுச்சீட்டு வேண்டும். 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் அடையாள அட்டை வந்தது. அதற்கும் படம் வேண்டும். நிழலைச் சிறைப்பிடிக்கலாமா என்று கேட்ட மூத்தவாப்பாமாரும் வரிசையில் நின்று சிறைப்பட்டார்கள்.

கலியாணப் பேச்சுக்குப் படம் அனுப்புவது இதற்குப் பக்கத்தில் வளர்ந்த வழக்கம். பெண் கேட்டுப் போன முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்களிடம், போய் ஒருமுறை பார்த்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக ஹதீஸ் உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பட்டுத் துணியில் தமக்குக் கனவில் காட்டப்பட்டதை நபியவர்கள் சொன்னதாகவும் அறிவிப்பு உண்டு. படம் அனுப்பலாம் என்று வாதாடியவர்கள் இவற்றைச் சொல்வார்கள். அனுப்பிய படம் எத்தனை கைகளுக்குப் போகும் என்று பயந்தவர்கள் வேறு சொல்வார்கள். இரண்டாவது பயம் வெறும் பயமில்லை. பேச்சு முறிந்தால் படத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பது மரியாதை. திருப்பித் தராமல் அலுமாரிக்குள் தங்கிவிட்ட படங்களுக்குக் கணக்கில்லை. மாப்பிள்ளையின் படம் தங்கிப்போனதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாக நான் கேட்டதில்லை.

அந்தக் காலத்து ஸ்டூடியோவில் நிச்சயித்த இருவர் ஒன்றாகப் போய் நிற்க முடியாது. பெண்ணைத் தனியாக, உம்மாவோ மாமியோ கூட வர, எடுப்பார்கள். மாப்பிள்ளை வேறு ஊரிலே, வேறு திரைக்கு முன்னாலே நிற்பார். இருட்டறையில் இரண்டு நெகட்டிவ்களை ஒன்றாக்கி ஒரே படமாக அச்சிடத் தெரிந்த கைகாரர்கள் இந்தியத் துணைக்கண்டம் எங்கும் இருந்தார்கள். மத்தியப் பிரதேசத்தின் நாக்தா என்ற ஆலை நகரத்து ஸ்டூடியோக்களில் கிறிஸ்டோபர் பின்னி என்ற மானிடவியலாளர் இந்த வித்தைகளைப் பார்த்து 1997இல் ஒரு நூல் எழுதினார். தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தவர்கள், பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு தேடிப் பிரதிசெய்தபோது, இறந்தவரை உயிரோடிருப்பவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்த படங்களும் கிடைத்தன. பார்க்காத இருவரைச் சேர்த்துவைப்பதும், பிரிந்த இருவரைச் சேர்த்துவைப்பதும் ஒரே கத்தரிக்கோல் வேலைதான். எழுபதுகளின் பிற்பகுதியில் மத்தியகிழக்குக்குப் போகத் தொடங்கிய பிறகு இந்த வித்தைக்கு நம்மிடமும் புதிய தேவை வந்தது.

ஸ்டூடியோத் திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுவிட்ஸர்லாந்து மலை, தாஜ்மஹால், படிக்கட்டோடு கூடிய மாளிகை, பிளாஸ்டிக் பூச்சாடி, ஒலிக்காத தொலைபேசி. இவற்றுக்கு முன்னால் நின்ற நம்மவர்கள்தான் இன்றைய பிள்ளைகளைப் பார்த்து வேஷம் என்கிறார்கள். மாலி நாட்டின் பமாக்கோவில் 1948இல் ஸ்டூடியோ திறந்த செய்து கெய்தா என்ற முஸ்லிம் படப்பிடிப்பாளர், தன் கட்டில் விரிப்பையே திரையாகத் தொங்கவிட்டு, கைக்கடிகாரமும் வானொலியும் ஸ்கூட்டரும் இரவல் கொடுத்து ஜோடிகளை எடுத்தார். அந்தப் படங்கள் இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பூப்போட்ட விரிப்புக்கு முன்னால் பூப்போட்ட அங்கியோடு நிற்கும் அந்தப் பெண்களை அவரவர் வீட்டுக்காரர்கள் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள், கலை என்று சொல்லி யாரும் வாங்கவில்லை. நமது ஸ்டூடியோக்களின் நெகட்டிவ்கள் இருந்திருந்தால் நாமும் ஏதாவது காட்டியிருக்கலாம்.

இருந்திருந்தால் என்று சொல்ல வேண்டிய நிலைதான். லயனல் வென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் இலங்கைப் படக்கலையைத் தலைகீழாகப் புரட்டியவர். வழக்கறிஞர், பியானோக் கலைஞர். ஒளியை எதிர்மறையாக்கியும் இரண்டு மூன்று படங்களைப் பின்னியும் பரிசோதனைகள் செய்தவர். 1938இல் லண்டனில் தனிக் கண்காட்சி வைத்தவர். 1944இல் நாற்பத்து நான்கு வயதில் மறைந்தார். அவ்வளவு பெயர் பெற்றவருடைய நெகட்டிவ்களே மறைவுக்குப் பிறகு அழிக்கப்பட்டுவிட்டன. மிஞ்சியது அச்சிட்ட படங்களும் 1950இல் நண்பர்கள் வெளியிட்ட நூலும். கொழும்பில், செல்வமுள்ள இடத்தில், இதுதான் நிலை என்றால் திருகோணமலையில் ஒரு சின்னத் தெரு ஸ்டூடியோவைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

எங்கள் மாவட்டத்தில் படம் அழிந்ததற்கு நெருப்பும் நீரும் காரணம். 1985, 1987, 1990 என்று ஆண்டுகளைச் சொன்னால் இங்கே எல்லா இனத்தவர்க்கும் எந்த வீடு, எந்த ஒழுங்கை என்று நினைவு வரும். 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தபோது கிண்ணியா வைத்தியசாலையே போய்விட்டது, அல்பங்கள் எம்மாத்திரம். 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு நடந்தபோது கையில் எடுத்தது அடையாள அட்டையும் காணி உறுதியும் பிள்ளைகளும். கலியாணப் படத்தை எடுத்து வந்தவர்களும் இருந்தார்கள். சுவரிலிருந்து கழற்றி, கண்ணாடியை உடைத்துப் போட்டுவிட்டு, தாளை மட்டும் சுருட்டிக்கொண்டு வந்தார்கள்.

அந்தத் தாளை ஏன் எடுத்தார்கள் என்பதற்கு நமது சமூகத்தில் ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் எழுதப்பட்டபோது, பதிவேட்டில் மணமகள் ஒப்பமிட வேண்டும் என்று அதில் சொல்லப்படவில்லை. மாப்பிள்ளை ஒப்பமிடுவார், வலீ ஒப்பமிடுவார், சாட்சிகள் ஒப்பமிடுவார்கள். எத்தனையோ உம்மாமாரின் கலியாணத்தில் அவர்களுடைய கையெழுத்து எங்கேயும் இல்லை. அவர்கள் அங்கே இருந்தார்கள் என்று சொல்வதற்கு அந்த ஒரு படம்தான் உண்டு. நிறம் தீட்டிய கன்னம், கனத்த மாலை, கீழே பார்க்கும் கண். மாப்பிள்ளை பக்கத்தில் கழுத்துப் பட்டியோடு கமராவை முறைத்துக்கொண்டு நிற்பார். கலைக்கண்ணோடு பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு. அந்த வீட்டுக்காரருக்கு அது உறுதிப்பத்திரம்.

இந்தப் பின்னணியில்தான் இன்றைய "ப்ரீ ஷூட்"டைப் பார்க்க வேண்டும். இது மேற்கிலிருந்து வந்தது என்பதே பாதி தவறு. கலியாணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்னரே ஜோடியை உடை மாற்றி மாற்றி அலங்கரித்து, பூங்காவிலும் கடற்கரையிலும் எடுத்து, தடித்த அல்பமாகக் கட்டிக்கொடுக்கும் தொழில் பெருந்தொழிலாக வளர்ந்த இடம் தாய்வான். பொன்னி ஏட்ரியன் என்ற மானிடவியலாளர் இதைப் பற்றி 2003இல் ஒரு முழு நூலே வெளியிட்டார். அங்கிருந்து சீனா, கொரியா என்று ஆசியாவுக்குள்ளேயே பரவியது. டிஜிட்டல் கமரா வந்ததும் முப்பத்தாறு படத்தோடு முடிகிற சுருள் போய்விட்டது. 2012இல் கொடாக் கம்பனியே வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டது. ஆயிரம் படம் எடுத்தாலும் செலவு ஒன்றுதான் என்றானபோது, ஸ்டூடியோவின் நான்கு சுவர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

யுத்தம் முடிந்த பிறகு திருகோணமலை இதற்கென்றே கட்டிவைத்த திரை மாதிரி ஆகிவிட்டது. நிலாவெளி, உப்புவெளி, கோட்டைக்குள் திரியும் மான்கள். 2009 ஒக்டோபரில் திறந்த 396 மீற்றர் கிண்ணியாப் பாலம். பாதைப் படகுக்குக் காத்து நின்ற துறையை எங்கள் வயதுக்காரர்கள் மறக்கவில்லை, இன்றைய மாப்பிள்ளைகள் அதே இடத்தில் அந்திக் கருக்கலுக்குக் காத்து நிற்கிறார்கள். கோணேசர் மலையுச்சியில் ஒல்லாந்தர் காலத்துக் கல்தூண் ஒன்று உண்டு. 1687 என்ற ஆண்டு பொறித்தது. பிரான்சினா வான் ரீட் என்ற டச்சு அதிகாரியின் மகள், நிச்சயித்தவன் கைவிட்டுக் கப்பலேறிப் போனதைக் கண்டு அங்கிருந்து குதித்தாள் என்பது கதை. ஆவணங்களைப் பார்த்தவர்கள், அவள் பிறகும் மணமுடித்து வாழ்ந்திருக்கிறாள் என்கிறார்கள். முறிந்த நிச்சயத்துக்காகப் பெண்ணைச் சாகடித்தது கடலில்லை, கதை சொன்னவர்கள். காதலர் பாய்ச்சல் என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட அந்த இடத்துக்கு அருகேதான் நிச்சயித்தவர்கள் இப்போது படத்துக்கு நிற்கிறார்கள்.

என் மனக்குறை வெளியே போய்ப் படம் எடுப்பதில் இல்லை. மூன்று விடயங்கள் மாறியிருக்கின்றன. படம் எடுக்கும் நேரம் காவினுக்கு முந்திப் போயிற்று. எடுக்கும் இடம் கதவு சாத்திய அறையிலிருந்து ஊர் பார்க்கும் வெளிக்கு வந்தது. மூன்றாவதுதான் பெரியது. படம் யார் கையில் இருக்கிறது என்பதே தெரியாமல் போயிற்று. பேச்சு முறிந்தால் அலுமாரியில் தங்கிய ஒற்றைப் படத்துக்கே ஒரு பெண் எவ்வளவு விலை கொடுத்தாள் என்று நமக்குத் தெரியும். கைத்தொலைபேசிகளில் பரவிய முந்நூறு படங்களை எந்தத் தரகர் திருப்பி வாங்கித் தருவார்? மார்க்கத்தைச் சொல்லிக் கண்டிப்பவர்கள் கை பட்டதா, தோள் பட்டதா என்று அளக்கிறார்கள். அதுவும் கேட்க வேண்டியதுதான். நிச்சயம் முறிந்த பெண்ணைப் பற்றி அதே குரலில் யாராவது கேட்கிறார்களா என்று பார்க்கிறேன். சில குடும்பங்கள் காவினை முன்னரே எழுதிவைத்து, வலீமாவைத் தள்ளிப்போட்டு, நடுவிலே படம் எடுக்கிறார்கள். இது சட்ட நுணுக்கம் மட்டுமில்லை, பெண்ணின் வாப்பா தேடிய பாதுகாப்பும்கூட.

இன்னொரு தீர்வைப் பிள்ளைகளே கண்டுபிடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபோதுதான் இந்தக் கட்டுரை எழுதும் எண்ணமே வந்தது. முகம் காட்டாத படம். கடலைப் பார்த்துக்கொண்டு இருவரும் முதுகு காட்டி நிற்பார்கள், நடுவில் ஒரு முழ இடைவெளி. அல்லது இரண்டு நிழல்கள் மணலில். அல்லது மருதாணிக் கை ஒன்று, கடிகாரக் கை ஒன்று, இடையே ஒரு மோதிரப் பெட்டி. அல்லது குடைக்குப் பின்னால் இருவர், குடை மட்டும் தெளிவாக. ஸ்டூடியோ இலக்கணம் நூற்றைம்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்தது முகத்தைக் கமராவுக்குக் காட்டு என்பதுதான். அதை நமது பிள்ளைகள் மறுத்திருக்கிறார்கள். ஒழுக்கத்துக்காக மறுத்தார்களா, ஊர் வாய்க்குப் பயந்து மறுத்தார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எப்படியானாலும் விளைந்தது புதிதாக இருக்கிறது. நின்ற விதத்திலும் சேலைத் தலைப்பைக் காற்று தூக்கிய விதத்திலும் ஆள் யாரென்று தெரிந்தவர்களுக்குத் தெரிகிறது. தெரியாதவர்களுக்கு அது கடற்கரையில் நிற்கும் இரண்டு பேர். களுத்துறையில் ஒரு முதுகுக்காகத் தோட்டக்காரனை வைத்துக்கொண்ட அந்தக் கிழவி பார்த்திருந்தால் பணம் கேட்காமலே எடுத்திருப்பார்.

எல்லாம் நன்றாக வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இதுவும் விரைவில் ஓர் அச்சாகிவிட்டது. ஒரே கடல், ஒரே அந்தி, ஒரே முதுகு. கணினியில் வானத்தை எல்லோருக்கும் ஊதாவாக்கி விடுகிறார்கள். திருகோணமலை வானம் அப்படி ஊதாவாகி நான் பார்த்ததில்லை.

பாலையூற்றில் ஒரு வீட்டு முன்னறையில் அப்படியொரு படம் சட்டம் போட்டுத் தொங்குகிறது. நிலாவெளிப் பக்கத்துக் கரை போலிருக்கிறது, இருவரும் முதுகு காட்டி நிற்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்ட வீடு. மூத்தது படத்தைக் காட்டி உம்மாவிடம் இது யார் என்று கேட்கிறதாம். தூசு தட்டுவதற்காகக் கழற்றியபோது பின்பக்கத்தைப் பார்த்தேன். அட்டையில் நீலப் பேனையால், பெண்ணின் கையெழுத்தில், இரண்டு பேருடைய பெயரும் இரண்டு வாப்பாமாரின் பெயரும் காவின் எழுதிய தேதியும் இருந்தன. அவளுடைய பெயர் முதலில்.